மச்சான் தொட முடியாத கணக்கு

"ரிஸ்க் ரிஸ்க்னு சொல்றீங்களே, எந்த மாதிரி ரிஸ்க்?" என்று பேங்க் ஆபீசர் யக்ஞநாராயணன் மறுபடியும் கேட்டார்.

துரைராஜ் திரும்பி, வரிசையில் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு மேஜைமேல் குனிந்து, டாக்டரிடம் மூலவியாதியைச் சொல்லுகிற குரலில் சொன்னார்.

"மச்சான் சார்."

"என்னது?"

"என் சம்சாரத்தோட அண்ணன். தனக்கோடின்னு பேரு. பொழிச்சலூர்ல இருக்காரு."

யக்ஞநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாம்பரம் கிளைக்கு வந்ததிலிருந்து எத்தனையோ பேர் அவரிடம் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். வட்டி குறையுமா, பேங்க் மூழ்குமா, சண்டை வந்தால் பணம் செல்லுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். மச்சானிடமிருந்து காப்பாற்றுவீர்களா என்று யாரும் கேட்டதில்லை.

"பொண்ணுக்கு மூணு வயசு சார். தேன்மொழின்னு பேரு. அவ காலேஜுக்குப் போறப்ப பணம் இருக்கணும். வட்டி கம்மியா இருந்தாக்கூட பரவாயில்ல. போட்டது இருக்கணும்."

"அப்ப ரெக்கரிங் டெபாசிட் போடுங்க. மாசாமாசம் கட்டிண்டு வரலாம்."

"நடுவுல எடுக்க முடியுமா?"

"தாராளமா எடுக்கலாம். உங்க பணம், யார் தடுப்பா?" என்றார் ஆபீசர் பெருமையாக.

"அப்ப வேணாம் சார்."

"குழந்தை பேர்லயே மைனர் அக்கவுண்ட் ஓப்பன் பண்ணுங்களேன்."

"எடுக்கறதுக்கு யாரு கையெழுத்து போடணும்?"

"கார்டியன்தான். அதாவது நீங்க."

"நான் போட்டுடுவேனே சார்!"

"சரி, மிஸஸையும் சேர்த்துக்கோங்கோ. ரெண்டு பேர் கையெழுத்தும் இருந்தாத்தான் எடுக்கலாம்னு எழுதிக் குடுங்க."

"அவ எனக்கு முன்னாடியே போட்டுடுவா சார். அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணனாச்சே!"

"ஃபிக்ஸட்?"

"ஃபிக்ஸட்டை ஒடைச்சுத்தான் சார் கோழிப்பண்ணை வச்சோம்" என்று துரைராஜ் பெருமூச்சு விட்டார்.

அவர் வீடு தாம்பரத்தில். குரோம்பேட்டையில் ஒரு நட்டு போல்ட்டு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கம்பெனிச் சரக்கில் ஒரு வாஷர் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். வீட்டுச் சரக்கு மட்டும் எப்படிக் கரைகிறது என்று நன்றாகத் தெரிந்தும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தனக்கோடி கடன் கேட்கிற ஆளில்லை. அதுதான் விசேஷம். வாயைத் திறந்து கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம். அவர் ஞாயிற்றுக்கிழமை வருவார். செருப்பை வாசலில் விடுவார். அந்தச் செருப்பின் வார் எப்போதோ அறுந்து, அதில் ஓர் ஊக்கு குத்தியிருக்கும். உள்ளே வந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பார். துரைராஜ் ஃபேனைப் பார்ப்பார், மச்சானைப் பார்ப்பார், வாசலில் அந்த ஊக்கைப் பார்ப்பார். கடைசியில் அவர் வாயே அவருக்கு எதிரியாகிக் கேட்டுவிடும்: "எவ்வளவு மச்சான் தேவைப்படுது?"

இப்படித்தான் போஸ்ட் ஆபீஸ் கணக்கு வீடியோ கேசட் கடைக்குப் போனது. ஃபிக்ஸட் டெபாசிட் பொழிச்சலூர்க் கோழிப்பண்ணைக்குப் போனது. தலைக்கு மேல் பிளேன் இறங்குகிற சத்தத்தில் ஒரு கோழியும் முட்டை போடவில்லை என்று தனக்கோடி சொன்னபோது துரைராஜுக்கே கண் கலங்கிவிட்டது. மனைவி ஈஸ்வரியின் உண்டியல் கோவளத்தில் மீன் ஏலம் எடுக்கப் போனது. மீன் கூடையோடு பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று கண்டக்டர் இறக்கிவிட்டு, வெயிலில் சரக்கு நாறிப்போனதாகத் தகவல். கேசட்டையோ கோழியையோ மீனையோ துரைராஜ் கண்ணால் பார்த்ததில்லை. நஷ்டத்தை மட்டும் ஞாயிறுதோறும் காதால் கேட்டார்.

ஒரு தீபாவளிக்கு, மனசு கேட்காமல், நல்ல தோல் செருப்பாக ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறும் அதே ஊக்குதான் வந்தது. "புச்சு பத்திரமா கீது மாப்ள. நல்ல நாள்ல போட்டுக்கலாம்னு வச்சிகினு கீறேன்" என்றார் தனக்கோடி. அன்றைக்கும் முந்நூறு ரூபாய் போயிற்று.

போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் துரைராஜுக்கு உள்ளே ஒரு பழைய காயம் இருந்தது. அவருக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த வருஷம், ஃபீஸ் கட்டுவதற்கு அப்பா வைத்திருந்த பணத்தைச் சித்தப்பா ஒருவர் "ரெண்டே வாரம்" என்று வாங்கிப் போனார். அந்த ரெண்டு வாரம் இன்னும் முடியவில்லை. டிப்ளமா படித்திருந்தால் இன்று எஞ்சினியர் ரூமில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருப்பார். இப்போது போல்ட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார். தன் மகளுக்கு அப்படி ஒரு காலை விடியக்கூடாது. அது ஒன்றுதான் அவர் ஆசை. பணக்காரர் ஆக வேண்டும் என்றெல்லாம் அவர் நினைத்ததே இல்லை.

"சார், என்னாலயும் எடுக்க முடியாத மாதிரி ஒரு கணக்கு இருந்தா சொல்லுங்க" என்றார்.

"கிணத்துலதான் போடணும்" என்றார் யக்ஞநாராயணன். "நெக்ஸ்ட்!"

துரைராஜ் எழுந்தார். பக்கத்து மேஜையில் தராசோடு உட்கார்ந்திருந்தவர் "சார், இப்படி வாங்க" என்று கையைக் காட்டினார். பேங்கில் நகைக் கடனுக்குத் தங்கத்தை உரசிப் பார்த்து மதிப்புச் சொல்கிற ஏகநாதன் ஆசாரி. நாள் பூரா தங்கத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க முடியாததால், வருகிறவர்கள் எல்லோரிடமும் பேசுவார்.

"பணமா வச்சாதானே சார் பிரச்சினை? நகையா வாங்குங்க. வாங்கி இங்கயே அடகு வைங்க."

"அடகா? எனக்குக் கடன் வேணாமே!"

"கடனுக்கு யாரு சார் வைக்கச் சொன்னது? செயினை வச்சுட்டு நூறே நூறு ரூபா வாங்கிக்கோங்க. அதுக்கு வட்டி என்ன வந்துடப் போவுது? வருஷத்துக்கு நாலு காபி காசு. லாக்கர் வாடகை குடுத்துக் கட்டுப்படியாகுமா? நகை எங்க ஸ்ட்ராங் ரூம்ல தூங்கும். ஊரு முழுக்க இதைத்தான் செய்யறாங்க. அடகுல இருக்கற நகையை எவனாவது இரவல் கேப்பானா?"

துரைராஜுக்கு அந்த இடத்திலேயே ஆசாரி காலில் விழவேண்டும் போலிருந்தது.

போனஸும் பண்டிகை அட்வான்ஸும் சேர்த்து ஒன்றரைச் சவரனில் குழந்தைக்குச் செயின் வாங்கினார். ஈஸ்வரி அதை மகளுக்குப் போட்டு, திருஷ்டி கழித்து, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகு பார்த்தாள். அந்த ஞாயிறு தனக்கோடியும் வந்திருந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, செயினை விரலில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அன்றைக்கு அவர் ஃபேன் பக்கமே பார்க்கவில்லை.

"ஒண்ணரைச் சவரன் கீதா மாப்ள?" என்றார்.

திங்கட்கிழமை பேங்க் திறந்தபோது முதல் ஆளாக துரைராஜ் நின்றார். செயின் உள்ளே போயிற்று. நூறு ரூபாயும் ஓர் அடகுச் சீட்டும் வெளியே வந்தன. ஸ்டேஷன் வரைக்கும் சீட்டியடித்துக்கொண்டே நடந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் சீட்டியடித்தது அன்றுதான்.

அடுத்த ஞாயிறு ஊக்கு வந்தது. குழந்தை மடிக்குப் போயிற்று. வெறும் கழுத்தைத் தனக்கோடி தடவிப் பார்த்தார்.

"செயின் இன்னா ஆச்சு மாப்ள?"

"அடகுல இருக்கு மச்சான்."

சொல்லும்போதே துரைராஜுக்கு நெஞ்சு குளிர்ந்தது. சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து, கடன் தொகைமேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து காட்டினார். தனக்கோடி சீட்டைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், ஃபேனைப் பார்க்கவே இல்லை. புதிதாக எஸ்.டி.டி. பூத் வைப்பதைப் பற்றி வரும்போதே ஒரு வார்த்தை போட்டிருந்தார். அதைத் தொடரவில்லை. வஞ்சிரம் குழம்பைக்கூட இரண்டாம் முறை வாங்காமல் எழுந்து போய்விட்டார்.

துரைராஜ் வெற்றியோடு திரும்பினார். சமையலறை வாசலில் ஈஸ்வரி கரண்டியோடு நின்றாள். கண் இரண்டும் குளமாகியிருந்தது.

"பாங்க்ல பத்திரமா வச்சிருக்கேன்னீங்க. அடகா வச்சீங்க?"

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் ஈஸ்வரியிடம் சொன்னது எதுவும் ஈஸ்வரியிடம் நிற்காது. அவள் மனசில் ஒரு கெட்டதும் கிடையாது, பாவம். அண்ணன் முகத்தைப் பார்த்தால் தன்னால் வெளியே வந்துவிடும். துரைராஜ் அவசரத்துக்கு ஒரு பொய்யைத் தேடினார். ஸ்டோர் கீப்பருக்கு ஸ்டோர்தான் தோன்றியது.

"கம்பெனியில சரக்கு குறையுது ஈஸ்வரி. நான்தான் ஈடு கட்டணும்னுட்டாங்க."

"எவ்வளவு?"

"ரொம்ப கேக்காத."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

ஈஸ்வரி யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வீட்டு ரத்தினபாயிடம் மட்டும் சொன்னாள். அது போதாதா? செவ்வாய்க்கிழமைக்குள் "ஸ்டோர்ல சரக்கு குறையுதாம்" என்பது தெருமுனையில் "ஸ்டோர்ல கை வச்சுட்டாராம்" என்று ஆகியிருந்தது. இத்தனை வருஷம் மாசக் கணக்கில் பால் ஊற்றிய பால்காரர் புதன்கிழமை கேனைக் கீழே வைக்காமலே, "தினத்துக்கு தினம் குடுத்துடுங்கம்மா, மாட்டுக்குத் தவிடு வாங்கணும்" என்றார்.

வீட்டிலோ ஈஸ்வரி சிக்கனத்தைக் கையில் எடுத்துவிட்டாள். காபி நின்றது. கறி நின்றது. டிபன் பாக்ஸைத் திறந்தால் தினமும் மோர் சாதமும், ஓரமாகப் பாதி எலுமிச்சை ஊறுகாயும். முழு ஊறுகாய் வைப்பது ஆடம்பரமாம். ரத்தினபாய் ஒருநாள் தன் வீட்டுக்காரரின் பழைய சட்டை இரண்டைக் கொண்டுவந்து, "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே" என்று நீட்டினாள். துரைராஜ் தப்பாக நினைக்காமல் வாங்கிக்கொண்டார். ஒன்று இறுக்கமாக இருந்தது.

"இன்னா துரை, எளைச்சுப் போய்ட்டே?" என்று கேட்டார் அத்தாவுல்லா. லேத் மெஷினில் வேலை செய்கிறவர், மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். துரைராஜ் முழுக் கதையையும் அவரிடம் கொட்டினார். அத்தாவுல்லா சிரிக்கவில்லை. தன் டிபனிலிருந்து ஒரு முட்டையை எடுத்து மோர் சாதத்தின் மேல் வைத்தார்.

"அடகுன்னு சொல்லி அரைக் கெணறு தாண்டிட்டே. மீதிய யாரு தாண்டறது? ஒங்க மச்சான் திரும்பி வரமாட்டார்னு இன்னா நிச்சயம்? நேரா அவர் வூட்டுக்குப் போ. நீயே கடன் கேளு."

"நானா? அவர்கிட்டயா?"

"ஆமா. ரெண்டாயிரம் வேணும்னு கேளு. அவர்கிட்ட இருக்காது. இல்லன்னுவார். அந்த வெக்கத்துல பத்து வருஷத்துக்கு ஒங்க தெரு பக்கம் தலை வச்சுப் படுக்கமாட்டார். கடன் கேக்கறவன் வூட்டுக்கு எவன்யா கடன் கேக்கப் போவான்?"

கேட்பதற்கு என்னவோ நியாயமாகத்தான் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் துரைராஜ் பொழிச்சலூருக்கு பஸ் ஏறினார். தனக்கோடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மகள் கோமளா, பத்தாவது படிக்கிற பெண், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். துரைராஜ் எதிரில் உட்கார்ந்து, மச்சானிடமே கற்ற பாடத்தை நடத்திக் காட்டினார். பேசாமல் மேலே பார்த்தார். அங்கே ஃபேன் இல்லை. ஒரு பிளேன்தான் தாழ்வாகப் போயிற்று.

பிளேன் போனபிறகு, "ஒரு ரெண்டாயிரம் கெடைக்குமா மச்சான்?" என்றார். இல்லை என்ற வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

தனக்கோடி வெகுநேரம் அவரையே உற்றுப் பார்த்தார். வற்றிக்கொண்டு வருகிற கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"நீ நல்லா இருக்கணும் மாப்ள. நீ நல்லா இருந்தாதானே எங்களுக்கு? போ. நான் பாத்துக்கறேன்" என்றார்.

துரைராஜ் கோமளா கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

புதன்கிழமை, ஞாயிறுகூட இல்லை, தனக்கோடி தாம்பரத்துக்கு வந்தார். ஈஸ்வரி கையில் இரண்டாயிரம் ரூபாயை எண்ணி வைத்தார். பம்மலில் ஒருவரிடம் காலில் விழாத குறையாக வாங்கியதாம். அஞ்சு வட்டியாம். மாதம் நூறு ரூபாய். முதல் தேதி முதல் தேதி தானே வந்து வாங்கிப்போய்க் கட்டிவிடுவதாகச் சொன்னார்.

"பாத்தீங்களா எங்கண்ணன? நீங்க என்னென்னவோ நெனச்சீங்களே!" என்று ஈஸ்வரி தேம்பினாள். துரைராஜுக்கும் அழுகை வந்தது. அவர் அழுததற்குக் காரணம் வேறு.

சரி, மறுநாளே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு தூங்கினார். மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், கூடத்தின் நடுவில் ஒரு தையல் மெஷின் நின்றது. குங்குமம் வைத்துப் பூ சுற்றியிருந்தது.

"கம்பெனிக்கு அப்புறம் கட்டிக்கலாங்க. நானும் நாலு காசு சம்பாதிச்சா உங்க பாரம் கொறையுமில்ல?" என்றாள் ஈஸ்வரி. அவள் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எப்படித் திட்டுவது?

"உனக்குத் தைக்கத் தெரியுமா ஈஸ்வரி?"

"கத்துக்கறேன்."

ரத்தினபாயின் பட்டு ரவிக்கைத் துணியில்தான் கற்றுக்கொண்டாள். இரண்டு கையும் ஒரே பக்கம் வந்துவிட்டது. துணிக்கு ஈடு கட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பொய் கடைசியில் ஒருவிதமாக மெய்யானது. சரக்கு குறைந்தது, துரைராஜ் ஈடு கட்டினார்.

முதல் தேதி வந்தது. தனக்கோடியும் வந்தார். வாழ்நாளில் எதற்கும் நேரத்துக்கு வராத மனுஷன், சம்பளக் கவர் பிரிபடுவதற்கு முன்னால் வாசலில் செருப்பை விட்டார். நூறு ரூபாயை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பம்மல்காரன் பேஜார் பண்றான் மாப்ள, நானே நடந்து போய்க் குட்த்துட்றேன்" என்று ஊக்குச் செருப்பைச் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு போனார். பஸ்ஸுக்கு வேண்டுமே என்று துரைராஜ் மேலும் இரண்டு ரூபாயோடு பின்னால் ஓடினார்.

அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். பொங்கல் போயிற்று, சித்திரை போயிற்று, ஆடியும் வந்தது. வேண்டாத கடனுக்கு வட்டி கட்டிக் கட்டி துரைராஜ் அலுத்துப்போனார். சும்மா இருந்திருந்தால், மச்சான் எப்போதோ ஒரு ஞாயிறு வந்து எதையோ வாங்கிக்கொண்டு போயிருப்பார். இப்போது மாதம் தவறாமல் போகிறது. அதற்கு மேல் நன்றி வேறு சொல்ல வேண்டியிருக்கிறது. தன் செருப்புக்கே வழியில்லாத மனுஷன் நமக்காக வட்டிக்காரன் காலில் விழுந்தானே, அவனைப் போய் ரிஸ்க் என்று ஒரு பேங்க் ஆபீசரிடம் சொன்னோமே என்று ராத்திரியில் புரண்டு புரண்டு படுத்தார்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். பேங்கில் செயின்மேல் நூறு ரூபாய்தானே கடன் இருக்கிறது? இன்னும் இரண்டாயிரம் அதன்மேல் வாங்கி, மச்சான் கையில் கொடுத்து, அந்தப் பம்மல்காரனின் கணக்கை ஒழித்துவிட வேண்டியது. பேங்க் வட்டி எவ்வளவோ தேவலை. ஆனால் இதுவரை விளையாட்டு அடகு. இனி நிஜ அடகு. கட்ட முடியாமல் போனால் ஏலம் போய்விடும். மகள் காலேஜ் வாசலில் நிற்கிறபோது கொடுக்கவேண்டிய செயின். பாலிடெக்னிக்குக்குப் போகாத அந்தக் காலை மறுபடியும் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. சித்தப்பாவையாவது திட்ட முடிந்தது. இதற்கு யாரைத் திட்டுவது?

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு பேங்குக்குப் போனார். ஏகநாதன் ஆசாரி செயினைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, அவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னா சார், எளைச்சுட்டீங்க? சட்டை வேற டைட்டா இருக்கு. நூறு ரூபாயோட நிம்மதியா இருந்தீங்களே, ரெண்டாயிரம் எதுக்கு?"

"குடும்பக் கஷ்டம் ஆசாரியாரே. ஒரு நல்ல மனுஷனை வட்டியில மாட்டி விட்டுட்டேன். அவரை மீட்கணும்."

ஆசாரி படிவத்தை நகர்த்தினார். துரைராஜ் பேனாவைத் திறந்தார்.

"தொட்டீங்கன்னா போச்சு சார்" என்று ஆசாரி அலுத்துக்கொண்டார். "இதுல கட்டுப்பாடு வேணும். ஒருத்தர் வராரு பாருங்க, அவரைச் சொல்லணும். உங்களை மாதிரியேதான், நூறு ரூபா கடன், அம்பது ரூபா கடன். வருஷக்கணக்கா வச்சிகினே போறாரு, ஒண்ணைக்கூட வெளிய எடுத்தது இல்ல. பொண்ணு கல்யாணத்துக்காம். ஒரு தடவை நெக்லஸ் வந்தது. கேசட் கடை காசுன்னாரு. அப்புறம் ரெண்டு வளையல் வந்தது. கோழி காசுன்னாரு. அப்புறம் ஜிமிக்கி. அது மீனாம்."

துரைராஜின் பேனா படிவத்தின்மேல் அப்படியே நின்றது. மை ஒரு புள்ளியாக ஊறிப் பரவியது.

"எந்த ஊரு ஆசாரியாரே அவரு?" என்றார். ஆசாரி செயினிலேயே கண்ணாக இருந்தார். மறுபடியும் கேட்டார்.

"பொழிச்சலூர் பக்கம். ஆளைப் பாத்தா அஞ்சு பைசா தேறாது சார். அவரும் ஒரே ஒரு தடவைதான் நெக்லஸ் மேல ரெண்டாயிரம் வாங்கினாரு, போன தைக்கு முன்னாடி. ஐயோ, நீங்களுமா தொடறீங்கன்னு கேட்டேன். 'பயப்படாதீங்க ஆசாரியாரே, இங்க வருஷத்துக்குக் கட்டற வட்டிய அங்க மூணு மாசத்துல எடுத்துருவேன்'னுட்டாரு."

துரைராஜ் பேனாவை மூடினார். படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் திணித்தார். பை இறுக்கமாக இருந்ததால் அது உள்ளே போகவில்லை.

"செயின் உள்ளயே இருக்கட்டும் ஆசாரியாரே" என்றார். பிறகு எழுந்தவர் எழுந்த வாக்கிலேயே நின்று, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டார். "அவருக்கு வேலை வெட்டி ஒண்ணும் இல்லையே. எங்கேருந்து வருது அவ்வளவு காசு?"

"நானும் அதையேதான் சார் கேட்டேன்" என்றார் ஏகநாதன் ஆசாரி, செயினைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டே. "'தாம்பரத்துல எனக்கு ஒரு சேவிங்ஸ் கணக்கு கீது ஆசாரியாரே, கொஞ்சம்கூட ரிஸ்க் கெடையாது, நாம ஒரு பைசா போடவே வேணாம், எடுத்துகினே இருக்கலாம், இப்ப மாசம் பொறந்தா வட்டி வேற குடுக்குது'ன்னாரு. அப்படியாப்பட்ட கணக்குக்குப் பாஸ்புக்கு எங்கய்யான்னு கேட்டா, சிரிச்சிகினே காலைத் தூக்கி, ஊக்கு குத்தின செருப்பைக் காட்டறாரு சார்!"